மெக்யூவனின் ஊர்களில் ஆறு நாள்

நாள் 1, திங்கள்: லண்டன்

ஆங்கில நாவலாசிரியர் இயன் மெக்யூவனின் நாவல்களை வழிகாட்டிப் புத்தகமாகவே கையில் எடுத்துக்கொண்டு போகலாம். எந்தத் தெருவில் திரும்பினால் எந்தத் தெரு வரும், கடற்கரையின் எந்த முனையில் கல் பெரிதாக இருக்கும் என்பதெல்லாம் பெரும்பாலும் பிசகாது. இந்த வழித்தடத்தில் பிசகும் இடங்கள் இரண்டு. ஒன்று இன்றைக்கே வரும், இன்னொன்று வெள்ளிக்கிழமை. (தமிழில் மெக்ஈவன், மெக்இவான் என்றெல்லாம் எழுதுகிறோம். அவர் ஊரில் 'மக்யூவன்' என்றுதான் காதில் விழும்.) நாவல்களின் முடிவுகள் ஆங்காங்கே வெளிப்படும், படிக்காதவர்கள் பார்த்துக்கொள்ளவும்.

செப்டம்பரைத் தேர்ந்ததற்குக் காரணம் கடைசியில் வரும் செசில் கடற்கரை. அங்கே பறவைகள் கூடு கட்டும் காலம் என்று ஏப்ரல் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை கூழாங்கல் மேட்டின் பெரும்பகுதியில் நடக்க விடமாட்டார்கள். திங்களில் தொடங்குவதற்குக் காரணம் விக்மோர் ஹாலில் திங்கள் மதியம் 1 மணிக்கு நடக்கும் கச்சேரி.

காலையில் வாரன் ஸ்ட்ரீட் நிலையத்தில் இறங்கினால் ஃபிட்ஸ்ராய் சதுக்கம் ஐந்து நிமிட நடை. 'சாட்டர்டே' (2005) நாவலின் நரம்பியல் அறுவை மருத்துவர் ஹென்றி பெரோன் குடியிருக்கும் இடம் இது. மெக்யூவனும் சில ஆண்டுகள் இங்கேதான் குடியிருந்தார். நாவல் முழுவதும் ஒரே நாள்: 2003 பிப்ரவரி 15, இராக் போருக்கு எதிராக லண்டன் தெருக்கள் நிரம்பிய சனிக்கிழமை. விடியுமுன் சன்னலோரம் நிற்கும் பெரோன், தீப்பிடித்த விமானம் ஒன்று நகரத்தின் மேல் இறங்கிப் போவதைப் பார்க்கிறார்.

சதுக்கத்தின் கிழக்கும் தெற்கும் ராபர்ட் ஆடம் வடிவமைத்தவை. முகப்பு போர்ட்லண்ட் கல். வடக்கும் மேற்கும் பிற்பாடு கட்டியவை, அவை சுண்ணப் பூச்சு. கிட்டப் போய்ப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்: கல் முகப்பில் மழை படும் விளிம்பு வெளுத்தும் மழை படாத இடுக்கு கறுத்தும் இருக்கும், பூச்சு முகப்பு ஒரே சீராகத் தெரியும். இந்தக் கல் எங்கிருந்து வந்ததோ அங்கேதான் சனிக்கிழமை நம் பயணமும் முடிகிறது. நடுவிலுள்ள வட்டத் தோட்டம் குடியிருப்பவர்களுக்கானது, பூட்டியிருக்கும். தலைக்கு மேல் தெரிவது 1965இல் திறந்த அஞ்சல் கோபுரம், இப்போது பி.டி. கோபுரம். 2024இல் அதை ஓர் அமெரிக்க ஓட்டல் நிறுவனத்துக்கு விற்பதாக அறிவித்தார்கள்.

இங்கிருந்து மேப்பிள் ஸ்ட்ரீட் வழியே கிழக்கே வந்து டாட்டன்ஹாம் கோர்ட் ரோட்டைக் கடந்தால் நேர் எதிரே யுனிவர்சிட்டி ஸ்ட்ரீட். ஊர்வலத்துக்காகப் பெரிய சாலையை அடைத்து வைத்திருக்க, ஒரு போலீஸ்காரர் கையசைத்து விடுகிறார். பெரோனின் மெர்சிடிஸ் சாலையைத் தாண்டி இந்தக் குறுகிய தெருவில் நுழைந்து ஒரு சிவப்பு பி.எம்.டபிள்யூவை உரசுகிறது. நாவலின் எல்லா வினையும் அந்த உரசலில்தான் தொடங்குகிறது. தெருவின் அகலத்தை நின்று பார்த்தால், இடித்திருக்காவிட்டால்தான் ஆச்சரியம் என்று தோன்றும். ஊர்வலத்தின் ஒரு பிரிவு அன்று நிஜமாகவே பக்கத்திலுள்ள கவர் ஸ்ட்ரீட்டிலிருந்துதான் கிளம்பியது.

அங்கிருந்து கால் மணி நேரம் நடந்தால் குவீன் ஸ்குவேர், நரம்பியல் தேசிய மருத்துவமனை. இந்த நாவலுக்காக மெக்யூவன் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஓர் அறுவை நிபுணரின் பக்கத்தில் நின்று மூளை அறுவைகளைக் கவனித்தார். அறுவை அரங்க உடையில் இருந்தவரை மருத்துவர் என்று நினைத்து இரண்டு மாணவர்கள் சந்தேகம் கேட்க, அவரும் நடப்பதை விளக்கியிருக்கிறார். மருத்துவமனை உள்ளே சுற்றிப் பார்க்கும் இடமல்ல. எதிரே உள்ள தோட்டத்தில் உட்காரலாம்.

விக்மோர் ஹாலுக்கு 12.30க்குள் போய்விட வேண்டும். திங்கள் மதியக் கச்சேரியை பி.பி.சி. ரேடியோ 3 ஒலிபரப்புவதால் தாமதமாக வந்தால் இடைவெளி வரும்வரை வெளியே நிற்க வேண்டியதுதான். 1901இல் பெக்ஸ்டைன் பியானோக் கம்பெனி கட்டிய மண்டபம் இது. முதல் உலகப் போரில் ஜெர்மன் சொத்து என்று பறிமுதலாகி, 1917இல் இன்றைய பெயரோடு மீண்டும் திறந்தது. சுமார் 550 இருக்கை. 'ஆன் செசில் பீச்' (2007) நாயகி ஃப்ளாரன்ஸ் வயலின் கலைஞர். அவளுடைய நால்வர் குழு இங்கே வாசிக்கும் நாளில் மூன்றாம் வரிசையில் 9சி இருக்கையில் தான் இருப்பேன் என்று காதலன் எட்வர்ட் வாக்குக் கொடுக்கிறான். இங்கே வரிசைக்குத்தான் எழுத்து, சி என்றால் மூன்றாவது. கணக்கு சரியாக இருக்கிறது. அந்த இருக்கையே வேண்டுமென்றால் பல வாரம் முன்பே பதிய வேண்டும். 35 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பல கச்சேரிகளில் 5 பவுண்ட் டிக்கெட் உண்டு, ஆனால் இருக்கையைத் தேர்ந்தெடுக்க முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மாலையில் நேரமிருந்தால் நார்தர்ன் லைன் சுரங்க ரயிலில் பாலம் (Balham) என்ற பகுதி வரை ஒரு நடை. 'அடோன்மென்ட்' (2001) நாவலின் கடைசியில், பாலம் சுரங்க நிலையத்தை அழித்த குண்டில் பிரையனியின் அக்கா சிசிலியா இறந்தது 1940 செப்டம்பர் என்று வருகிறது. உண்மையில் அந்தக் குண்டு விழுந்தது அக்டோபர் 14 இரவு 8 மணிக்கு. அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், நிலையத்தில் நினைவுப் பலகை இருக்கிறது. தேதிப் பிழை ஆசிரியருடையதா? கதை சொல்லும் பிரையனி அப்போது நினைவு மங்கத் தொடங்கிய 77 வயதுக் கிழவி. அவள் பெயரில் எழுதிவிட்டால் எழுத்தாளர் தப்பித்துக்கொள்ளலாம்.

நாள் 2, செவ்வாய்: நாரிச்

லிவர்பூல் ஸ்ட்ரீட்டிலிருந்து நாரிச் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். டிக்கெட் எடுப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். முன்பதிவு 'அட்வான்ஸ்' டிக்கெட் மலிவு, ஆனால் குறிப்பிட்ட வண்டியை விட்டு வழியில் இறங்கக் கூடாது. நாளைக்கு இப்ஸ்விச்சில் இறங்கப் போவதால் 'ஆஃப்-பீக் ரிட்டர்ன்' (நெரிசல் இல்லாத நேரத்து இருவழி டிக்கெட்) எடுப்பதே சரி, திரும்பும்போது பொதுவாக வழியில் இறங்கி ஏறலாம்.

ஈஸ்ட் ஆங்லியா பல்கலைக்கழகம் ஊருக்கு மேற்கே. நிலையத்திலிருந்து 25 அல்லது 26 எண் பேருந்து. சசெக்ஸில் இலக்கியம் படித்து முடித்த மெக்யூவன் 1970இல் இங்கே முதுகலைக்கு வந்தார். மால்கம் பிராட்பரியும் ஆங்கஸ் வில்சனும் தொடங்கியிருந்த புனைவெழுத்துப் படிப்பின் முதல் மாணவர், அந்த ஆண்டு ஒரே மாணவர். வகுப்பு என்று தனியாக எதுவும் கிடையாது. கதை எழுதிக் கொடுப்பார், பிராட்பரி படித்துவிட்டு அடுத்தது எப்போது என்று கேட்பார். அந்தக் கதைகளிலிருந்துதான் முதல் தொகுப்பு 'ஃபர்ஸ்ட் லவ், லாஸ்ட் ரைட்ஸ்' (1975) வந்தது. அதன் கொடூரத்தைப் பார்த்துப் பத்திரிகைகள் 'இயன் மக்காப்ர' (மக்காப்ர என்றால் கோரம்) என்று பட்டப்பெயர் வைத்தன. பத்தாண்டு கழித்து அதே படிப்புக்கு கசுவோ இஷிகுரோ வந்தார், அப்போது கொஞ்சம் கூட்டம் சேர்ந்திருந்தது.

டெனிஸ் லாஸ்டன் கட்டிய படிக்கட்டுப் பிரமிடு போன்ற மாணவர் விடுதிகளைப் பார்க்கத்தான் கட்டடக்கலைக்காரர்கள் வருகிறார்கள். 2023 செப்டம்பரில் நார்ஃபோக், சஃபோக் என்ற இரண்டு விடுதி வரிசைகளையும் காலி செய்ய வேண்டியதாயிற்று. காரணம் ராக் எனப்படும் காற்றூட்டிய கான்கிரீட். உள்ளே குமிழியாக இருக்கும், எடை குறைவு, 1950-80களில் கூரைக்கு நிறையப் போட்டார்கள். ஈரம் ஏறினால் உள்ளிருக்கும் கம்பி துருவேறும், முன்னறிவிப்பின்றி இடியும். ஏரிப் பக்கமிருந்து பார்க்கத் தடையில்லை, அங்கிருந்துதான் அழகும்.

கையெழுத்துப் பிரதி ஏதாவது பார்க்கலாம் என்று வருபவர்களுக்கு இங்கே ஏமாற்றம்தான். இந்தப் பல்கலைக்கழகத்தின் காப்பகத்தில் டோரிஸ் லெஸ்ஸிங்கின் தாள்கள் இருக்கின்றன. மெக்யூவனின் தாள்களை 2014இல் டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினிலுள்ள ஹாரி ரான்சம் மையம் 20 லட்சம் டாலருக்கு வாங்கிவிட்டது.

நாள் 3, புதன்: உல்வர்ஸ்டன்

இப்ஸ்விச்சில் இறங்கி, ஷாட்லி தீபகற்பம் போகும் பேருந்தில் சுமார் 20 நிமிடம். பேருந்துகளின் எண்ணிக்கை குறைவு, ஞாயிறன்று போய் மாட்டிக்கொள்ளாதீர்கள். இறங்கியதும் திரும்பும் வண்டியின் நேரத்தை நிறுத்தத்திலேயே படம் எடுத்துக்கொள்வது நல்லது, ஆற்றோரம் இறங்கிவிட்டால் போனில் சிக்னல் வந்து வந்து போகும்.

மெக்யூவன் பிறந்தது 1948 ஜூன் 21, ஆல்டர்ஷாட் என்ற ராணுவ ஊரில். அப்பா ஸ்காட்லாந்துக்காரர், சிப்பாயாகச் சேர்ந்து மேஜர்வரை உயர்ந்தவர். பிள்ளைப் பருவம் சிங்கப்பூர், ஜெர்மனி, லிபியா என்று பட்டாளத்தோடு நகர்ந்தது. 11 வயதில், 1959இல், பெற்றோர் லிபியாவில் இருக்க, பையன் மட்டும் உல்வர்ஸ்டனின் இந்த ஆற்றங்கரை விடுதிப் பள்ளிக்கு வந்து சேர்ந்தான். பணக்காரப் பள்ளி இல்லை. லண்டன் மாநகரக் கவுன்சில் நடத்தியது, நகரத்துச் சாதாரண வீட்டுப் பையன்களும் ராணுவத்தார் பிள்ளைகளும் படித்தார்கள். ஆனால் இடம் மட்டும் 1776இல் பெர்னர்ஸ் குடும்பத்துக்காகக் கட்டிய பெரிய மாளிகை. 'ஏழைகளின் ஈட்டன்' என்று பேர் (ஈட்டன் பணக்காரப் பிள்ளைகளின் பள்ளி). 1990இல் மூடிவிட்டார்கள், இப்போது வேறொரு தனியார் பள்ளி நடக்கிறது. வாசலில் நின்று கேட்டுப் பிரயோசனமில்லை, பள்ளிக்கூடத்துக்குள் விருந்தாளிகளை விடமாட்டார்கள்.

'லெசன்ஸ்' (2022) நாவலில் இதே மாளிகை 'பெர்னர்ஸ் ஹால்' என்ற பெயரில் வருகிறது. கதாநாயகன் ரோலண்ட் பெய்ன்ஸ் 11 வயதில் லிபியாவிலிருந்து வந்து இறங்குகிறான். பியானோ ஆசிரியை மிரியம் கார்னெல் அவனைச் சீரழிக்கிறாள். இடங்கள் நிஜம், அந்த ஆசிரியை கற்பனை என்று மெக்யூவன் பேட்டிகளில் தெளிவாகவே சொல்லியிருக்கிறார். சுயசரிதை வாசிக்கும் ஆசையில் இங்கே வந்து 'அந்த வீடு எது' என்று ஊராரைக் கேட்பது அநாகரிகம்.

மாளிகையைப் பார்க்கச் சிறந்த வழி, பூங்காவிலுள்ள புனித மைக்கேல் தேவாலயத்தின் பக்கமாக இறங்கி மரினாவை அடைந்து, ஸ்டவர்-ஆர்வெல் நடைபாதையில் கிழக்கே போவது. ஆறு ஆர்வெல். எழுத்தாளர் எரிக் பிளேர், ஜார்ஜ் ஆர்வெல் என்ற புனைபெயருக்கு எடுத்துக்கொண்டது இந்த ஆற்றைத்தான். கடலின் ஏற்றம் வற்றம் இரண்டும் பலமாக உள்ள ஆறு. ஏற்றத்தில் அகலமான ஏரி போலிருக்கும், வற்றத்தில் இருபக்கமும் பளபளவென்று சேறு. கிளம்புமுன் ஏற்ற நேர அட்டவணை பாருங்கள், உச்ச ஏற்றத்தில் கரையோரப் பாதை சில இடங்களில் தண்ணீருக்குள் போகும். சேற்றில் குறுக்கு வழி என்று இறங்கவே கூடாது, முழங்கால்வரை இழுக்கும்.

பின் மில் என்ற சிற்றூரில் பழைய சரக்குப் படகுகளும் பட் அண்ட் ஆய்ஸ்டர் மதுக்கடையும். ஏற்றத்தின்போது தண்ணீர் அதன் சுவரடிக்கே வந்துவிடும். மேற்கே தெரியும் ஆர்வெல் பாலம் 1982இல்தான் திறந்தது. 1959இல் வந்த பையன் கண்ணில் அது பட்டிருக்காது. அவன் பார்த்தது வெறும் ஆறும் வானமும்.

ரோலண்ட் சைக்கிளில் போகும் எர்வர்ட்டன் இன்னும் சில மைல் தள்ளி. அவன் அங்கே போவது 1962 அக்டோபர், கியூபா ஏவுகணை நெருக்கடியின்போது, உலகம் நாளைக்கு அழிந்துவிடும் என்ற பயத்தில். 'ஆன் செசில் பீச்' நடப்பது அதே ஆண்டு ஜூலையில். மூன்றே மாத இடைவெளி. 1962 மெக்யூவனுக்கு 14 வயது ஆன ஆண்டு என்பதைச் சேர்த்துப் பார்த்தால் அந்த ஆண்டை விட்டு அவர் ஏன் நகர மறுக்கிறார் என்று கொஞ்சம் புரியும்.

நாள் 4, வியாழன்: ரீடிங், சில்டர்ன் குன்றுகள்

லிவர்பூல் ஸ்ட்ரீட்டிலிருந்து எலிசபெத் லைனில் ஏறினால் ரீடிங் வரை வங்கி அட்டையைத் தொட்டே போய்விடலாம். ஆனால் லண்டன் போக்குவரத்துக்கான ஆய்ஸ்டர் அட்டை ரீடிங் வரை செல்லாது. ரீடிங்கைத் தாண்டி ஆக்ஸ்ஃபோர்டு போகிறவர்கள் அட்டையைத் தொட்டுவிட்டு அப்படியே ஆக்ஸ்ஃபோர்டு வண்டியில் போனால் அபராதம் கட்ட வேண்டிவரும், முழுத் தூரத்துக்கும் முதலிலேயே தனி டிக்கெட் எடுக்க வேண்டும்.

ரீடிங் நிலையத்தில் பார்க்க ஒன்றுமில்லை. 2014இல் முடிந்த மறுகட்டுமானத்தில் பழைய நடைமேடையின் முகமே மாறிவிட்டது. இருந்தும் பத்து நிமிடம் நிற்க வேண்டிய இடம் இது. 1942இல், கணவர் போர்முனையில் இருக்க, ரோஸ் என்ற பெண் வேறொரு ராணுவத்தாருக்குப் பெற்ற ஆண் குழந்தையை இந்த நிலையத்தில் வைத்து முன்பின் தெரியாத தம்பதியிடம் கொடுத்தாள். உள்ளூர்ப் பத்திரிகையில் விளம்பரம் போட்டிருந்தார்கள்: ஒரு மாத ஆண் குழந்தைக்கு வீடு தேவை, முழுமையாக ஒப்படைக்கப்படும். பின்னர் ரோஸின் கணவர் போரில் இறந்தார். அந்த ராணுவத்தாரையே மணந்துகொண்டாள், 1948இல் பிறந்தவர் இயன். அதாவது கொடுத்த குழந்தை அவருக்குக் கூடப்பிறந்த அண்ணன். 2002இல்தான் இருவருக்கும் விஷயம் தெரியவந்தது. அண்ணன் கொத்தனார் வேலை பார்த்தவர். தம்பி ஆக்ஸ்ஃபோர்டில் எழுதிக்கொண்டிருந்த ஆண்டுகளில் சில மைல் தூரத்தில்தான் குடியிருந்தார். 'லெசன்ஸ்' நாவலில் ரோலண்டுக்கும் இப்படியோர் அண்ணன் கிடைக்கிறான்.

'ஆன் செசில் பீச்'சில் எட்வர்டின் அம்மாவின் வாழ்க்கையும் ஒரு ரயில் நடைமேடையில்தான் உடைகிறது. 1944இல் விக்கம் நிலையம், வண்டி நிற்குமுன் ஒருவர் திறந்த பெட்டிக் கதவு தலையில் மோதி, மூளை கலங்கிப்போகிறது. இன்றைய வாசகருக்கு இது எப்படி நடக்கும் என்று விளங்காது. அந்தக்கால ஆங்கிலேயப் பெட்டிகளில் ஒவ்வோர் அறைக்கும் தனிக்கதவு, வெளிப்பக்கம் திறக்கும். உள்ளேயிருப்பவர் சன்னலை இறக்கி, கையை வெளியே நீட்டி, கைப்பிடியைத் திருகுவார். மையப் பூட்டு கிடையாது. அவசரக்காரர்கள் வண்டி ஊர்ந்துகொண்டிருக்கும்போதே கதவை வீசித் திறந்து குதிப்பார்கள். போர்க்காலத்தில் ஒரு நடைமேடை, ஒரு நொடி, ஒரு குடும்பம். அண்ணன் விவகாரம் தெரிந்து சில ஆண்டுகளுக்குள் எழுதிய நாவல் இது என்பதை மறந்துவிட்டு அந்தக் காட்சியைப் படிக்க முடியவில்லை.

எட்வர்டின் வீடு டர்வில் ஹீத்தில். ரீடிங்கிலிருந்து ட்வைஃபோர்டில் மாறி ஹென்லி, அங்கிருந்து டாக்சி. இங்கே வழக்கமாக நடக்கும் தவறு, ஓட்டுநரிடம் 'டர்வில்' என்று மட்டும் சொல்லிவிடுவது. டர்வில் கீழே பள்ளத்தாக்கில் இருக்கும் அழகான கிராமம், டி.வி. தொடர் எடுத்த ஊர் என்று கூட்டம் மொய்க்கும். டர்வில் ஹீத் அதற்கு மேற்கே மேட்டில், நாலைந்து வீடும் எலுமிச்சை மர வரிசையும் (நம் எலுமிச்சை இல்லை, லிண்டன் மரம்) புல்வெளியும். திரும்பும் டாக்சியை இறங்கும்போதே பேசிவிடுங்கள்.

அங்கிருந்து நார்த்எண்ட் வழியாக கிறிஸ்துமஸ் காமன் வரை சுமார் 5 கிலோமீட்டர், பீச் மரக் காட்டுக்குள் நடை. சுண்ணாம்பு மண், மழை பெய்தால் சோப்பு மாதிரி வழுக்கும். வாட்லிங்டன் குன்றின் உச்சியில் நின்றால் கீழே ஆக்ஸ்ஃபோர்டு சமவெளி. 'எண்டியூரிங் லவ்' (1997) தொடங்கும் பலூன் விபத்து இந்தச் சுற்றுவட்டாரத்துக் குன்றில்தான். எந்த வயல் என்று குறிப்பாகத் தேட வேண்டாம்.

ஆனால் விபத்தின் கணக்கை நின்று போட்டுப் பார்க்கலாம். ஹீலியம் ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ தூக்கும். கூடையில் ஒரு சிறுவன் இருக்கிறான், ஆட்கள் ஓடிவந்து கயிறுகளைப் பிடிக்கிறார்கள். கணக்குக்காக ஆளுக்கு 75 கிலோ, ஐந்து பேர் என்றால் 375. காற்றும் சேர்ந்து மேலே இழுக்கும் விசை 250 கிலோ அளவு என்று வையுங்கள். ஐவரும் தொங்கினால் பலூன் தரையில். ஒருவர் விட்டால் 300, இன்னும் தரையில்தான். இரண்டாமவரும் விட்டால் 225, பலூன் எழும்பிவிடும். முதலில் விடுபவருக்கு ஆபத்தில்லை, கடைசிவரை பிடித்திருப்பவருக்கு உயிரே போகும். நாவலில் அப்படித்தான் ஒரு மருத்துவர் விழுந்து சாகிறார். முதலில் விட்டது யார் என்பதற்கு அப்புறம் யாரும் வாய் திறப்பதில்லை.

அந்தக் காட்சியை மெக்யூவன் உயரே வட்டமிடும் ஒரு பஸார்ட் பறவையின் கண் வழியே தொடங்குகிறார். இன்று அண்ணாந்தால் தெரிவது பெரும்பாலும் வால் பிளந்த செம்பருந்து. 1989இலிருந்து ஸ்பெயினிலிருந்து கொண்டுவந்து இங்கே விட்டார்கள், பெருகிவிட்டது. நாவலின் பின்னிணைப்பாக ஒரு மனநோய் ஆய்வுக் கட்டுரை இருக்கும். எழுதியவர்கள் வென், காமியா. அதை நிஜமென்று நம்பி மோசம்போன விமர்சகர்கள் உண்டு. இரண்டு பெயரின் ஆங்கில எழுத்துக்களைக் கலைத்து அடுக்கினால் இயன் மெக்யூவன்.

நாள் 5, வெள்ளி: ஆபட்ஸ்பரி

ரீடிங்கிலிருந்து பேசிங்ஸ்டோக்கிலோ சவுத்தாம்ப்டனிலோ மாறி வேமத். சில வண்டிகளை வழியில் பிரிப்பார்கள், பின்பெட்டிகள் அங்கேயே நின்றுவிடும். அறிவிப்பைக் கேட்டு, வேமத் வரை போகும் பெட்டிதானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். வேமத்திலிருந்து கடலோரமாகப் பிரிட்போர்ட் பக்கம் போகும் 'ஜுராசிக் கோஸ்டர்' பேருந்து ஆபட்ஸ்பரியில் நிற்கும். மேல்தளத்தில் இடப்பக்கம் உட்கார்ந்தால் கடல் தெரியும்.

செசில் கடற்கரை வெஸ்ட் பே துறைமுகத்திலிருந்து போர்ட்லண்ட் வரை 29 கிலோமீட்டர் நீளும் கூழாங்கல் மேடு. மணலைத் தேடாதீர்கள். ஆபட்ஸ்பரிக்குக் கிழக்கே மேட்டின் பின்னால் ஃப்ளீட் என்ற உப்பங்கழி, சுமார் 13 கிலோமீட்டர். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் கழி. அந்த நீளத்துக்கு மேட்டிலிருந்து இறங்கி ஊருக்குள் போக வழியே கிடையாது. ஆபட்ஸ்பரியில் ஏறியவர் ஃபெர்ரி பிரிட்ஜில்தான் இறங்க முடியும்.

முதலில் ஊருக்குத் தெற்கே மொட்டைக் குன்றின் மேலிருக்கும் புனித கேத்தரின் ஆலயம். பதினைந்து நிமிட ஏற்றம். 14ஆம் நூற்றாண்டுக் கட்டடம், கூரையும் கல். மடங்களை எட்டாம் ஹென்றி இடித்தபோது கப்பல்காரர்களுக்கு அடையாளமாக இருந்ததால் இது தப்பியது என்பார்கள். கல்யாணமாகாத பெண்கள் கணவன் வேண்டி இங்கே வந்து சுவரிலுள்ள குழியில் கைவைத்து வேண்டிக்கொள்வது வழக்கம். அதன் காலடியில்தான் 'ஆன் செசில் பீச்' தம்பதியின் முதலிரவு.

ஆலயத்திலிருந்து கடற்கரைக் கார் நிறுத்தத்துக்கு வயல் வழியாக இறங்கலாம். எட்வர்டும் ஃப்ளாரன்ஸும் தங்கும் ஓட்டல் கார் நிறுத்தத்துக்குப் பின்னால் கொஞ்சம் உயரமான வயலில். மேசையில் ஒரு துண்டு முலாம்பழம், மேலே ஒற்றைச் செர்ரி. எப்போதோ சுட்ட மாட்டிறைச்சி, குழைய வேகவைத்த காய். 1962 ஆங்கிலேயச் சாப்பாட்டை இதைவிடக் குறுக்கிச் சொல்ல முடியாது. ('சாட்டர்டே'யில் பெரோன் ஆசையாகச் செய்யும் மீன் குழம்பு நினைவுக்கு வருகிறது. அந்தச் செய்முறையை மெக்யூவன் தன் இணையதளத்தில் போட்டிருந்தார்.)

கார் நிறுத்தம் இருக்கிறது. வயல் இருக்கிறது. ஓட்டல் இல்லை. திங்களன்று சொன்ன இரண்டாவது இடம் இதுதான். நாவலின் கடைசிக் குறிப்பில் அவரே சொல்லிவிடுகிறார்: ஆபட்ஸ்பரிக்குத் தெற்கே ஒரு மைலுக்குச் சற்று அதிகமான தூரத்தில், கார் நிறுத்தத்துக்குப் பின்னால் உள்ள இந்த ஓட்டல் கிடையாது என்று. இல்லாத கட்டடத்துக்குத் தூரமும் திசையும் துல்லியமாகக் கொடுக்கிற ஆள். இங்கே வந்து நின்றுகொண்டு அந்தக் குறிப்பைப் படித்தால்தான் அதிலுள்ள குறும்பு பிடிபடும்.

ஃப்ளாரன்ஸ் அறையை விட்டு ஓடி இந்தக் கல்மேட்டில்தான் நடக்கிறாள், எட்வர்ட் தேடி வருகிறான். நடந்து பாருங்கள். ஓர் அடி முன்னால் வைத்தால் கால் பாதி அடி பின்னால் சரியும், ஒவ்வோர் அடிக்கும் கல் இரைகிற சத்தம். கோபமாகப் போகிறவரால்கூட இங்கே வேகமாகப் போக முடியாது, பின்னால் வருபவர் சத்தமில்லாமல் வரவும் முடியாது. அவர்கள் சண்டை அத்தனை நேரம் இழுப்பதற்கும் ஒருவர் குரல் மற்றவர் காதில் விழாமல் போவதற்கும் தரையே பாதிக் காரணம். கணுக்கால் மூடும் காலணி அவசியம். உச்சிமேட்டில் கல் இறுகியிருக்கும், நடக்க அதுவே தோது. தண்ணீரோரம் இறங்கினால் சரிவு செங்குத்து, வடியும் அலை கல்லோடு காலையும் சேர்த்து இழுக்கும். நீச்சல் தெரிந்தவர்களும் இங்கே இறங்குவதில்லை.

நாள் 6, சனி: ஃபெர்ரி பிரிட்ஜ், போர்ட்லண்ட்

வேமத்திலிருந்து போர்ட்லண்ட் போகும் 1ஆம் எண் பேருந்து ஃபெர்ரி பிரிட்ஜில் நிற்கும். அங்கே டோர்செட் வனவுயிர் அறக்கட்டளையின் செசில் கடற்கரை மையம் இருக்கிறது, காப்பி கிடைக்கும்.

இன்றைக்கு வேலை கல் அளப்பது. செசிலின் விசேஷம் கல்லின் வரிசை: மேற்கு முனை வெஸ்ட் பேயில் பட்டாணி, ஆபட்ஸ்பரி பக்கம் மொச்சை, போர்ட்லண்ட் முனையில் கோழிமுட்டை, அதற்கும் மேல். இருட்டில் கரையேறும் மீனவர்களும் கள்ளக்கடத்தல்காரர்களும் ஒரு கை கல்லை அள்ளிப் பார்த்தே எந்த இடம் என்று சொல்லிவிடுவார்களாம். நாவலிலும் இந்தக் கதை வருகிறது. சோதித்துப் பார்ப்பது எளிது. ஒரு சிறு அளவுகோல் போதும். கண்ணை மூடிக்கொண்டு பத்துக் கல் எடுங்கள். கண்ணால் தேர்ந்தால் அழகான கல்லுக்கும் பெரிய கல்லுக்கும் கை போகும், சராசரி கெட்டுவிடும். ஒவ்வொன்றின் நீண்ட பக்கத்தை அளந்து, கூட்டிப் பத்தால் வகுங்கள். நேற்று ஆபட்ஸ்பரியிலும் இதையே செய்திருந்தால் வித்தியாசம் தாளில் தெரியும். எடுக்கும் உயரமும் ஒன்றாக இருக்க வேண்டும். உச்சியில் புயல் எறிந்த பெரிய கல் கிடக்கும், அலையோரம் வேறு அளவு. அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுத்தால் வரிசையே இல்லாத மாதிரி விடை வரும். பெரும்பாலும் தீக்கல் வகை. இடையில் பழுப்புச் சிவப்பாக வழவழவென்று இருப்பவை குவார்ட்சைட்.

அளந்த கல்லை அங்கேயே வைத்துவிடுங்கள். 2007இல் நாவல் வெளியான சமயம், எழுதும்போது மேசையில் செசில் கற்கள் சிலவற்றை வைத்திருந்ததாக மெக்யூவன் வானொலியில் சொல்லிவிட்டார். உள்ளூர்க் கவுன்சில் பிடித்துக்கொண்டது. கல் எடுப்பது சட்டவிரோதம், 2000 பவுண்ட் வரை அபராதம் என்றார்கள். மேடு இல்லையென்றால் புயலில் கடல் நேராக ஊருக்குள் வந்துவிடும், 1824இல் வந்த புயல் ஃப்ளீட் கிராமத்துத் தேவாலயத்தின் பெரும்பகுதியையே அடித்துக்கொண்டு போயிருக்கிறது. மெக்யூவன் கற்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மேடு முடியும் சிஸ்வெல்லில் உயரம் கடல்மட்டத்திலிருந்து 14 மீட்டருக்கு மேல். வீடுகள் அதன் பின்னால் பதுங்கியிருக்கின்றன. பக்கத்திலேயே எழுவது போர்ட்லண்ட் தீவின் வெள்ளைக் கல், செயின்ட் பால் பேராலயமும் திங்களன்று பார்த்த ஃபிட்ஸ்ராய் சதுக்க முகப்பும் இங்கிருந்து வெட்டிப் போனவை. மேலே ஏறினால் பழைய குவாரிகளும், வந்த வழி முழுவதும் ஒரே கோடாகத் தெரிவதும் உண்டு. மழை மேகம் இருந்தால் ஏறாதீர்கள், ஒன்றும் தெரியாது.

திரும்பும் பேருந்தும் அதே 1ஆம் எண்தான். ஏறுமுன் காலணியைக் கழற்றித் தட்டுங்கள். நேற்றைய ஆபட்ஸ்பரி மொச்சை ஒன்றிரண்டு குதிகாலில் இருக்கும்.